கேட்பதற்கு ஓர் ஆள்

1955-ஆம் ஆண்டில் அமெரிக்க தேசம் தன் சொந்தப் பிள்ளைகளைக் கண்டு பயந்து போயிருந்தது. பத்து வருஷங்களுக்கு முன்புதான் உலக மகா யுத்தத்தில் வெற்றி வாகை சூடிய தேசம். அணுகுண்டு வைத்திருந்த தேசம். கார், குளிர்சாதனப் பெட்டி, டெலிவிஷன் என்று செல்வம் கொழித்த தேசம். அப்படிப்பட்ட தேசம் பதினாறு வயதுப் பையன்களைப் பார்த்துப் பயந்தது என்றால் வேடிக்கையாக இருக்கிறது அல்லவா? ஆனாலும் உண்மை அதுதான்.

இளைஞர் குற்றங்களை ஆராய்வதற்காக அமெரிக்க ஸெனட் சபை 1953-இல் ஓர் உபகமிட்டியையே அமைத்தது. 1954-இல் அந்தக் கமிட்டி படக்கதைப் புத்தகங்களை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. பிள்ளைகளைக் கெடுப்பவை அந்தப் புத்தகங்கள்தாம் என்று பிரெடரிக் வெர்தாம் என்ற மனோதத்துவ மருத்துவர் அதே வருஷத்தில் ஒரு தடித்த நூலே எழுதி வெளியிட்டிருந்தார். 1955 ஜூன் மாதத்தில் எஸ்டெஸ் கீஃபாவர் என்ற ஸெனட்டரின் தலைமையில் கமிட்டி லாஸ் ஏஞ்ஜலீஸ் நகரத்துக்கு வந்து சினிமாவை விசாரித்தது. படக்கதை, சினிமா, டெலிவிஷன் என்று ஒவ்வொன்றாகக் கூண்டில் ஏறி இறங்கின.

'பிள்ளைகளைக் கெடுத்தது எது?' என்பது அவர்களுடைய கேள்வி. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் 'பிள்ளைக்கு என்ன வேண்டும்?' என்று இன்னொரு கேள்வி இருக்கிறது. முதல் கேள்விக்குக் கமிட்டி பதில் சொல்லலாம். இரண்டாவதற்குப் பிள்ளைதான் பதில் சொல்ல முடியும். அவன் பதில் சொல்லவேண்டுமானால் எதிரே ஒருவர் உட்கார்ந்து கேட்க வேண்டும். கூண்டில் ஏற்றப்பட்ட அந்தச் சினிமாவே, அந்த வருஷம் முடிவதற்குள், இந்த இரண்டாவது கேள்வியைத் திரையில் எழுப்பிவிட்டது.

'ரெபெல் வித்தவுட் எ காஸ்' என்பது படத்தின் பெயர். 'காரணமில்லாக் கலகக்காரன்' என்று தமிழில் சொல்லலாம். வார்னர் பிரதர்ஸ் கம்பெனி எடுத்தது. டைரக்டர் நிக்கலஸ் ரே. 1955 அக்டோபர் 27-ஆம் தேதி வெளிவந்தது. பையன்களையும் பெண்களையும் பற்றி அதற்கு முன்பும் எத்தனையோ படங்கள் வந்திருக்கின்றன. ஆனால் நல்ல வீட்டில், நல்ல உடையும் நல்ல சாப்பாடுமாக வளர்கிற ஒரு பையன், தன் வீட்டுக்குள்ளேயே அநாதையாக இருக்க முடியும் என்று அவ்வளவு உரக்கச் சொன்ன படம் அது.

படத்தின் பெயருக்கே ஒரு கதை உண்டு. அது ராபர்ட் லிண்ட்னர் என்ற மனோதத்துவ நிபுணர் 1944-இல் வெளியிட்ட ஒரு புத்தகத்தின் பெயர். சிறையில் இருந்த ஒரு குற்றவாளியை மனோவசியத்தில் ஆழ்த்தி அவனுடைய பால்ய நினைவுகளை வெளியே கொண்டுவந்த விவரம் அதில் இருக்கிறது. வார்னர் கம்பெனி 1946-இல் அதன் உரிமையை வாங்கியது. மார்லன் பிராண்டோ என்ற இளம் நடிகரை 1947-இல் பரீட்சை பார்த்தது. பிறகு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டது. சில வருஷங்கள் கழித்து நிக்கலஸ் ரே வந்தார். புத்தகத்தை ஒதுக்கிவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார். சிறைக் குற்றவாளியின் கதை வேண்டாம், சாதாரண வீட்டுப் பிள்ளையின் கதை வேண்டும் என்பது அவருடைய கட்சி. அவரும், திரைக்கதை எழுதிய ஸ்டூவர்ட் ஸ்டெர்னும் இளைஞர் காவல் இல்லங்களுக்குப் போனார்கள்; அங்கே வேலை செய்த அதிகாரிகளோடு பேசினார்கள். ஆக, படம் எடுப்பதற்கு முன்னால் அவர்கள் செய்த முதல் காரியம், காது கொடுத்துக் கேட்டதுதான்.

படம் பெரும்பாலும் ஒரே ஒரு நாளில் நடந்து முடிந்துவிடுகிறது. அது தொடங்குகிற இடத்தைக் கவனியுங்கள்: நடுநிசி தாண்டிய நேரத்தில் ஒரு போலீஸ் ஸ்டேஷன். மூன்று பேர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். ஜிம் குடித்துவிட்டுத் தெருவில் விழுந்து கிடந்தவன். ஜூடி அர்த்த ராத்திரியில் தனியாகத் தெருவில் அலைந்துகொண்டிருந்தவள். பிளேட்டோ என்று எல்லாரும் கூப்பிடுகிற மூன்றாவது பையன், நாய்க்குட்டிகளைத் துப்பாக்கியால் சுட்டவன். மூவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. மூவருக்கும் வீடு இருக்கிறது. ஆனால் அன்று இரவு அவர்களை உட்கார வைத்து, 'என்னப்பா விஷயம்?' என்று ஒரு பெரியவர் நிதானமாக விசாரிப்பது போலீஸ் ஸ்டேஷனில்தான் நடக்கிறது!

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். குழந்தைகளைத் தனியாக விசாரிக்க ஒரு நீதிமன்றம் வேண்டும் என்று அமெரிக்காவில் முதல் முதலில் சட்டம் செய்தது இல்லினாய் மாநிலம், வருஷம் 1899, இடம் சிக்காகோ நகரம். அதற்கு முன்னால் பத்து வயதுப் பையன் ரொட்டி திருடினாலும் வளர்ந்த திருடர்களோடு சேர்த்து அடைப்பதும் உண்டு. லூசி ஃபிளவர், ஜூலியா லாத்ராப் போன்ற மாதரசிகள் பாடுபட்டு அதை மாற்றினார்கள். புதிய நீதிமன்றத்தின் அடிப்படைக் கருத்து மிகவும் அழகானது: நீதிபதி தண்டிக்கிறவராக இருக்கக் கூடாது, தகப்பனாரைப் போல விசாரிக்க வேண்டும். ஐந்து வருஷங்கள் கழித்து, 1904-இல், ஸ்டான்லி ஹால் என்ற மனோதத்துவப் பேராசிரியர் வாலிபப் பருவத்தைப் பற்றி இரண்டு பெரிய பாகங்களில் ஒரு நூல் எழுதினார். குழந்தைக்கும் பெரியவனுக்கும் நடுவே புயலும் கொந்தளிப்புமான ஒரு காலம் தனியாக இருக்கிறது என்பதைப் படித்தவர்கள் ஒப்புக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

எல்லாம் நல்ல காரியங்கள். நான் குறை சொல்லவில்லை. ஆனால் இதிலே ஒரு விசித்திரம் ஒளிந்திருக்கிறது. நீதிபதி தகப்பனாரைப் போல விசாரிப்பார் என்று ஏற்பாடு செய்தாகிவிட்டது. தகப்பனார் தகப்பனாரைப் போல விசாரிப்பாரா என்பதற்கு எந்தச் சட்டமும் இல்லை. ஆகையால் சில பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் கவனமாகக் காது கொடுக்கிற சந்தர்ப்பம், அவர்கள் ஏதாவது குற்றம் செய்த பிறகே கிடைக்கிறது. நிக்கலஸ் ரே தம் படத்தை ஏன் போலீஸ் ஸ்டேஷனில் தொடங்கினார் என்று யோசித்துப் பார்த்தபோது எனக்குத் தோன்றிய விடை இதுதான்.

அந்த ஸ்டேஷனில் ரே ஃபிரமிக் என்ற அதிகாரி ஜிம்மைத் தனி அறைக்கு அழைத்துப் போகிறார். பையன் ஆத்திரத்தில் அவர்மேலேயே பாய்கிறான். அவர் அவனை மடக்கிவிட்டு, கோபத்தையெல்லாம் மேஜைமேல் காட்டச் சொல்கிறார். அவன் மேஜையைக் குத்துகிறான், உதைக்கிறான், கை வலித்து அழுகிறான். பிறகு பேசுகிறான். தன் வீட்டைப் பற்றி, தாயாரும் பாட்டியும் சேர்ந்து தகப்பனாரை ஆட்டி வைப்பதைப் பற்றி, தன்னுடைய அவமானத்தைப் பற்றி எல்லாம் சொல்கிறான். அந்த அதிகாரி உபதேசம் செய்யவில்லை. எப்போது மனசு கொந்தளித்தாலும், ராப்பகல் எந்த நேரமானாலும், தன்னிடம் வந்து பேசலாம் என்று மட்டும் சொல்லி அனுப்புகிறார்.

மறுநாள் இரவு அந்த நேரம் வந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்துப் போக்கிரிகளின் தலைவன் பஸ் என்பவன் ஜிம்மை ஒரு பந்தயத்துக்கு இழுக்கிறான். திருட்டுக் கார்கள் இரண்டை மலை விளிம்பை நோக்கி வேகமாக ஓட்ட வேண்டும். முதலில் வெளியே குதிக்கிறவன் கோழை. பந்தயத்துக்கு முன்னால் இருவரும் விளிம்பில் நின்று கீழே கடலைப் பார்க்கிறார்கள். அப்போது பஸ் தனக்கு ஜிம்மைப் பிடித்திருக்கிறது என்கிறான். பிறகு ஏன் இந்தப் பந்தயம் என்று ஜிம் கேட்கிறான். ஏதாவது செய்தாக வேண்டியிருக்கிறதே என்பதுபோல் அவன் பதில் சொல்கிறான். இரண்டு எதிரிகள் ஒரு நிமிஷம் சிநேகிதர்களாகி விடுகிறார்கள். அடுத்த சில நிமிஷங்களில் பஸ்ஸின் சட்டைக் கை கார்க் கதவில் மாட்டிக்கொள்கிறது. அவன் காரோடு கடலில் விழுந்து சாகிறான். ஒரு நாள் முன்பாக அந்த இரண்டு பையன்களும் நாலு வார்த்தை பேசியிருந்தால் பந்தயமே நடந்திராது.

ஜிம் வீட்டுக்கு ஓடி வருகிறான். நடந்ததைச் சொல்லிப் போலீஸில் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும் என்கிறான். மாடிப்படியில் தாயார் மேலே நிற்கிறாள், தகப்பனார் கீழே இருக்கிறார், நடுவிலே பையன். தாயாருக்கு உடனே தோன்றுவது, ஊரைவிட்டு வேறு ஊருக்குப் போய்விடலாம் என்பது. ஒவ்வொரு தடவையும் அவர்கள் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். தகப்பனாருக்குத் தோன்றுவது, வீணாக ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது. தனக்காக ஒரு தடவை எழுந்து நிற்கும்படி பையன் தகப்பனாரைக் கெஞ்சுகிறான். அவர் எழுந்து நிற்கவில்லை. அவனுடைய கெஞ்சல் ஆத்திரமாக மாறி அவருடைய கழுத்தைப் பிடிக்கும் அளவுக்குப் போய்விடுகிறது.

அங்கிருந்து ஓடியவன் எங்கே போகிறான் தெரியுமா? நேற்றுக் காது கொடுத்துக் கேட்ட அந்த அதிகாரியைத் தேடிப் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போகிறான். அங்கே அவர் இல்லை! மேஜைக்குப் பின்னால் இருந்தவருக்கு இந்தப் பையனோடு பேச நேரமில்லை. எந்த நேரமும் வரலாம் என்று சொன்னவர் நல்லவர், பொய் சொன்னவரல்ல. ஆனால் அவர் ஓர் உத்தியோகஸ்தர். உத்தியோகஸ்தருக்கு வேலை நேரம் உண்டு. வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் வேலை நேரம் கிடையாது.

நான் இந்தப் படத்தைச் சில தடவைகள் பார்த்திருக்கிறேன். முதல் தடவை எல்லாரையும் போல ஜிம்மைத்தான் பார்த்தேன். வயதான பிறகு பார்க்கும்போது கண் பிளேட்டோவின்மேலேயே போய் நிற்கிறது. அவனுடைய தகப்பனார் என்றோ போய்விட்டார். அவரிடமிருந்து வருவது ஜீவனாம்சச் செக்கு மட்டும்தான். தாயார் ஊர் ஊராகப் போகிறவள். பெரிய வீட்டில் பையனுக்கு ஒரு வேலைக்காரியைத் தவிரத் துணையில்லை. அவன் இரண்டு காலிலும் இரண்டு நிறத்தில் காலுறை போட்டிருக்கிறான். இதைக் கவனித்துச் சொல்ல வீட்டில் யார் இருக்கிறார்கள்? ஜிம்மிடம் அவன் ஒட்டிக்கொள்ளும் விதத்தில் சிநேகத்துக்கும் மேற்பட்ட ஓர் ஏக்கம் தெரிகிறது. ஓர் ஆண்பிள்ளை இன்னோர் ஆண்பிள்ளையை நேசிப்பதைச் சினிமாவில் வாய்விட்டுச் சொல்ல அந்தக் காலத்து ஹாலிவுட் தணிக்கை விதிகள் இடம் கொடுக்கவில்லை. பிற்காலத்து ரசிகர்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். தனிமையிலே பெரிய தனிமை, தன் மனசில் இருப்பதற்குப் பெயர் சொல்லக்கூட முடியாத தனிமைதான்.

ஜிம், ஜூடி, பிளேட்டோ மூவரும் அன்றிரவு ஒரு பாழடைந்த மாளிகையில் சேர்ந்துகொண்டு சிறிது நேரம் குடும்பம் நடத்தி விளையாடுகிறார்கள். ஜிம் தகப்பன், ஜூடி தாய், பிளேட்டோ குழந்தை. அந்த விளையாட்டைப் பார்க்கச் சிரிப்பும் வருகிறது, தொண்டையும் அடைக்கிறது. பிறகு போக்கிரிகள் வந்து துரத்த, பிளேட்டோ கைத்துப்பாக்கியோடு கிரிஃபித் வானாய்வுக் கூடத்துக்குள் ஓடி ஒளிகிறான். குன்றின்மேல் இருக்கும் அந்தக் கூடம் 1935-இல் திறக்கப்பட்டது. இன்றும் லாஸ் ஏஞ்ஜலீஸுக்குப் போகிறவர்கள் பார்க்கலாம். அன்று பகலில்தான் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் அங்கே உட்கார்ந்து, பிரபஞ்சத்தின் பிரம்மாண்டத்தில் மனிதன் ஓர் அற்பத் துளி என்று ஒரு வயதான விரிவுரையாளர் சொன்னதைக் கேட்டார்கள். தனியாகக் கிடந்து தவிக்கிற பிள்ளைக்கு வேண்டிய செய்தியா அது!

வெளியே போலீஸ் சூழ்ந்து நிற்கிறது. ஜிம் இருட்டுக் கூடத்துக்குள் தைரியமாக நுழைந்து பிளேட்டோவோடு பேச்சுக் கொடுக்கிறான். அவன் குளிரில் நடுங்குவதைப் பார்த்துத் தன் சிவப்பு மேல்சட்டையைக் கழற்றிக் கொடுக்கிறான். முதல் நாள் இரவு ஸ்டேஷனில் இதே மாதிரி அவன் சட்டையைக் கொடுத்தபோது பிளேட்டோ வாங்கிக்கொள்ளவில்லை, இப்போது வாங்கிக்கொள்கிறான். பிறகு ஜிம் துப்பாக்கியைப் பார்க்கக் கேட்கிறான். அவனுக்குத் தெரியாமல் குண்டுகளை எடுத்துவிட்டு, வாக்குத் தவறாமல் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறான்.

ஒருவரைப் புரிந்துகொள்வது என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் நான் இந்தக் காட்சியைத்தான் காட்டுவேன். புரிந்துகொள்வது என்றால் செய்வதையெல்லாம் சரி என்று தலையாட்டுவது என்று சிலர் நினைக்கிறார்கள், அதனால் பயப்படுகிறார்கள். ஜிம் தலையாட்டவில்லை. ஆபத்தை எடுத்துவிட்டான், நம்பிக்கையை எடுத்துவிடவில்லை. பதினேழு வயதுப் பையன் செய்த இந்தக் காரியத்தை அங்கே நின்ற பெரியவர்களில் ஒருவராலும் செய்ய முடியவில்லை. வெளிச்சத்தைக் கண்டு மிரண்டு பிளேட்டோ ஓடும்போது, அவன் கையில் இருப்பது வெறும் துப்பாக்கி என்று அவர்களுக்குத் தெரியாது. குண்டுகள் தன்னிடம் இருக்கின்றன என்று ஜிம் கத்துகிறான். அதற்குள் சுட்டுவிடுகிறார்கள்.

சிவப்புச் சட்டையைப் பார்த்து, விழுந்தது தன் மகன்தான் என்று ஒரு கணம் ஜிம்மின் தகப்பனார் பதறிப் போகிறார். பிறகு மகன் உயிரோடிருப்பதைக் கண்டு அவனைத் தூக்கி நிறுத்தித் தம்முடைய கோட்டை அவன் தோளில் போர்த்துகிறார். அன்றிரவு அவர் முதல் தடவையாக எழுந்து நிற்கிறார். பிளேட்டோவுக்கு அழுவதற்கு அந்த வீட்டு வேலைக்காரிதான் வந்திருக்கிறாள். ஒரு கறுப்பினத்து மாது. படம் முழுவதிலும் அந்தப் பையனை உண்மையாகக் கவனித்துக்கொண்ட பெரிய மனுஷி அவள் ஒருத்திதான். படத்தில் அவளுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

படத்தில் குறைகளும் உண்டு. தகப்பனார் பெண்பிள்ளைகள் கட்டும் சமையல் மேலாடையைக் கட்டிக்கொண்டு, கொட்டிய சாப்பாட்டைத் துடைப்பதுதான் குடும்பத்தின் வீழ்ச்சி என்பதுபோல் ஒரு காட்சி வருகிறது. இன்று எத்தனையோ வீடுகளில் ஆண்பிள்ளைகள் சமைக்கிறார்கள். அதனால் எந்தப் பிள்ளையும் கெட்டுப் போகவில்லை. ஜிம்மின் தகப்பனார் செய்த பிழை மேலாடை கட்டியதல்ல. மகன் ஓர் அவசரக் கேள்வியோடு வந்து நின்றபோது, உட்கார்ந்து காகிதத்தில் சாதக பாதகங்களைப் பட்டியல் போடலாம் என்று சொன்னாரே, அதுதான். கேள்வி கேட்டவனைப் பார்க்காமல் கேள்வியை மட்டும் பார்த்தார்.

ஜிம்மாக நடித்த ஜேம்ஸ் டீனின் வாழ்க்கையையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். அவருக்கு ஒன்பது வயதில், 1940-இல், தாயார் புற்றுநோயால் காலமானார். கலிபோர்னியாவிலிருந்து தாயாரின் சவப்பெட்டி சென்ற ரயிலிலேயே பையனையும் ஏற்றி இந்தியானாவில் இருந்த அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தகப்பனார் உடன் போகவில்லை. அந்த நீண்ட ரயில் பிரயாணத்தில் அந்தக் குழந்தை என்ன நினைத்திருக்கும் என்று எண்ணும்போது, ஜிம்மின் முகத்தில் தெரிவது வெறும் நடிப்பு என்று சொல்ல மனம் வரவில்லை. 1955 செப்டம்பர் 30-ஆம் தேதி, இருபத்து நாலாவது வயதில், அவர் கார் விபத்தில் இறந்தார். படம் வெளிவந்தது அதற்கு நான்கு வாரங்கள் கழித்து. காரை வேகமாக ஓட்டி உயிரைப் பணயம் வைக்கும் பையனாக அவரைத் திரையில் பார்த்த இளைஞர்களின் நெஞ்சம் எப்படித் துடித்திருக்கும்! இங்கிலாந்தில் தணிக்கையாளர்கள் படத்தைச் சில இடங்களில் வெட்டிவிட்டு, பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள் பார்க்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். படத்தில் நடித்த நாதலி வுட்டுக்கும் ஸால் மினியோவுக்கும் படப்பிடிப்பின்போது வயது அதே பதினாறுதான்!

அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அக்கரையில், பாரிஸ் நகரத்தில், நிக்கலஸ் ரேயின் படங்களை ஆஹா ஓஹோ என்று புகழ்ந்து எழுதிக்கொண்டிருந்த ஓர் இளம் விமர்சகர் இருந்தார். பெயர் பிரான்ஸுவா த்ரூஃபோ. 1932-இல் பிறந்தவர். அவருடைய கதை எந்தச் சினிமாவையும் மிஞ்சிய கதை. பெற்ற தகப்பனார் யார் என்று தெரியாமல் வளர்ந்தவர். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு சினிமாக் கொட்டகையில் பொழுதைக் கழித்தவர். சினிமாச் சங்கம் ஒன்று ஆரம்பித்துக் கடன்பட்டபோது, வளர்ப்புத் தகப்பனாரே அவரைப் போலீஸில் ஒப்படைத்தார். வில்ஜுயிஃப் என்ற இடத்தில் சிறுவர் காப்பகத்தில் அடைபட்டார். அவரை மீட்க முன்வந்தவர் ஆந்த்ரே பஸான் என்ற சினிமா விமர்சகர். பையனுக்கு வேலை கொடுத்தார், எழுதக் கற்றுக் கொடுத்தார், மகனைப் போல வைத்துக்கொண்டார்.

1958 நவம்பரில் த்ரூஃபோ தம் முதல் முழுநீளப் படத்தைத் தொடங்கினார். மறுநாளே பஸான் காலமானார், வயது நாற்பதுதான். படத்தை அவருக்கே சமர்ப்பணம் செய்தார். 'நானூறு அடிகள்' என்பது அந்தப் படப் பெயரின் நேர் மொழிபெயர்ப்பு. பிரெஞ்சுக்காரர் பேச்சில் அது, கட்டுக்கடங்காமல் ஆட்டம் போடுவதைக் குறிக்கும். 1959-இல் கான் நகரத்துத் திரைப்பட விழாவில் சிறந்த டைரக்டருக்கான பரிசு அதற்குக் கிடைத்தது.

அந்தப் படத்துப் பையன் ஆந்த்வான் ஒருநாள் பள்ளிக்கு வராததற்குக் காரணம் கேட்ட ஆசிரியரிடம், தாயார் இறந்துவிட்டாள் என்று சொல்லிவிடுகிறான். எவ்வளவு பெரிய பொய்! ஆனால் அதற்கு முந்தின நாள், தன் தாயார் யாரோ ஓர் அந்நியனைத் தெருவில் முத்தமிடுவதை அவன் பார்த்திருக்கிறான். அவன் மனசில் ஏதோ ஒன்று செத்துத்தான் போயிருக்கிறது. பிறகு தகப்பனாரின் ஆபீஸிலிருந்து ஒரு டைப்ரைட்டரைத் திருடுகிறான். திருடும்போது அகப்படவில்லை, விற்க முடியாமல் திருப்பி வைக்கப் போனபோது அகப்படுகிறான். பெற்றோர் அவனைப் போலீஸிலும் காப்பகத்திலும் ஒப்படைத்துக் கை கழுவிவிடுகிறார்கள்.

காப்பகத்தில் மனோதத்துவம் படித்த ஒரு மாது அவனை விசாரிக்கிறாள். அவள் முகத்தை நாம் பார்ப்பதே இல்லை. குரல் மட்டும் கேட்கிறது. காமிரா பையனின் முகத்தைவிட்டு நகருவதில்லை. ஏன் பொய் சொல்கிறாய் என்றால், நிஜத்தைச் சொன்னாலும் நம்பமாட்டார்களே என்கிறான். தன்னைக் கருவிலேயே கலைத்துவிடத் தாயார் நினைத்தாள் என்பது தனக்குத் தெரியும் என்கிறான். ஷான் பியேர் லியோ என்ற அந்தச் சிறுவன் எழுதிக் கொடுத்த வசனத்தைச் சொல்லாமல், கேட்ட கேள்விகளுக்குத் தானாகவே பதில் சொல்லும்படி த்ரூஃபோ விட்டுவிட்டார். படம் முழுவதும் பொய் சொல்லி வந்த பையன் இங்கே மடை திறந்தாற்போல உண்மை பேசுகிறான். நிக்கலஸ் ரே படத்தில் போலீஸ் ஸ்டேஷன். த்ரூஃபோ படத்தில் சீர்திருத்தக் காப்பகம். அங்கேயும் சம்பளத்துக்கு வந்த ஒருவர்தான் கேட்கிறார், இங்கேயும் அப்படியே!

கால் நூற்றாண்டு கழித்து, 1985-இல், அமெரிக்காவில் ஜான் ஹ்யூஸ் என்பவர் 'தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்' என்ற படத்தை எடுத்தார். சுமார் பத்து லட்சம் டாலரில் எடுத்த சிறு படம். மூடிக் கிடந்த ஓர் உயர்நிலைப் பள்ளிக் கட்டடத்தில் நூலகம் ஒன்றை ஜோடித்துப் பெரும்பாலான காட்சிகளை அங்கேயே எடுத்தார்கள். கதை நடப்பது இல்லினாய் மாநிலத்தில். குழந்தைகளுக்கென்று முதல் நீதிமன்றம் வைத்த அதே இல்லினாய்! ஐந்து மாணவர்கள் ஒரு சனிக்கிழமை முழுவதும் தண்டனையாக அந்த நூலகத்தில் அடைபட்டிருக்கிறார்கள். தங்களை யார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்பது உதவித் தலைமை ஆசிரியரின் உத்தரவு. கேள்வி அருமையான கேள்விதான். ஆனால் அவருக்குப் பதில் தேவையில்லை, தண்டனைதான் தேவை.

இந்தப் படத்தில் காது கொடுத்துக் கேட்கும் பெரியவர் கிட்டத்தட்ட இல்லை. போலீஸ் அதிகாரியும் இல்லை, மனோதத்துவ மாதும் இல்லை. ஆகவே பிள்ளைகள் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்க ஆரம்பிக்கிறார்கள். முரடன் கையில் தகப்பனார் சுருட்டால் சுட்ட தழும்பு இருக்கிறது. மல்யுத்த வீரன் தகப்பனாரின் வெற்றி வெறிக்காகவே ஒரு பலவீனப் பையனைத் துன்புறுத்தியதைச் சொல்லி அழுகிறான். எப்போதும் முதல் மார்க்கு வாங்கும் பையன், ஒரு பாடத்தில் தோற்றதற்காகச் சாவதைப் பற்றி யோசித்தவன். அவன்தான் கடைசியில் எல்லாருடைய தலையெழுத்தையும் தொடுகிற கேள்வியைக் கேட்கிறான்: திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பார்த்துக்கொண்டால் நாம் சிநேகிதர்களாக இருப்போமா? பணக்காரப் பெண் கொஞ்சம் யோசித்து, இருக்கமாட்டோம் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறாள். எனக்கு அந்தப் பெண்ணின்மேல் கோபம் வரவில்லை. பொய் சொல்லித் தேற்றுவதைவிட அது மரியாதையான பதில்.

ஐந்து பேரில் இன்னொரு பெண் ஆலிஸன். அதிகமாகப் பேசாதவள். வீட்டில் உனக்கு என்ன கொடுமை செய்கிறார்கள் என்று மல்யுத்த வீரன் கேட்கும்போது, தன்னைக் கவனிப்பதே இல்லை என்கிறாள். அடியில்லை, திட்டில்லை, கவனிக்கவில்லை, அவ்வளவுதான். பிற்பகலில் ஒவ்வொருவரும் தாங்கள் செய்த குற்றத்தைச் சொல்லி வருகிறார்கள். அவள் முறை வருகிறது. தான் ஒன்றுமே செய்யவில்லை, தனக்கு யாரும் தண்டனை விதிக்கவில்லை, சனிக்கிழமை செய்வதற்கு வேறு வேலை இல்லாததால் வந்ததாகச் சொல்கிறாள்.

எல்லாரும் சிரிக்கிறார்கள். பார்க்கிற நமக்கும் சிரிப்பு வருகிறது. சற்றுப் பொறுத்துத்தான் அந்த வார்த்தையின் கனம் தெரிகிறது. 1955-இல் பிளேட்டோ நாய்க்குட்டிகளைச் சுட்ட பிறகு, 'ஏன்?' என்று ஒருவர் கேட்டார். 1959-இல் ஆந்த்வான் டைப்ரைட்டரைத் திருடிய பிறகு ஒரு குரல் கேட்டது. தண்டனை அறையில்தான் காது கிடைக்கும் என்று இந்தப் பெண் தெரிந்துகொண்டுவிட்டாள். குற்றம் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. ஆகையால் நேரே தண்டனைக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். பிறர் மனசுக்குள் புகுந்து பார்ப்பதுதான் தொழில். ஆனாலும் என் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற பிள்ளையின் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தானாகத் தெரிந்துவிடாது, கேட்டால்தான் தெரியும். கேட்டாலும் முதல் பதில், 'ஒண்ணுமில்லை' என்பதாகத்தான் இருக்கும். இரண்டாவது பதில் வரும்வரை எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறோமா என்பதுதான் விஷயம். ரே ஃபிரமிக் என்ற அந்த அதிகாரி அதற்கு மேல் எதுவும் செய்துவிடவில்லை. அவர் செய்யத் தவறியதும் ஒன்றே ஒன்றுதான்: மறுநாள் இரவு அங்கே இல்லாமல் போனார்.

ஆலிஸன் சாயங்காலம் வெளியே வருகிறாள். அவளை அழைத்துப் போகக் கார் வந்து நிற்கிறது. காலையில் வந்து இறக்கிவிட்டுப் போன கார்தான். அப்போது அவள் குனிந்து ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் கார் நகர்ந்துவிட்டது. அவள் என்ன சொல்ல வந்தாள் என்பது படம் பார்க்கிற நமக்குக் கடைசிவரை தெரிவதில்லை. ஒரு நிமிஷம் காரை நிறுத்தியிருந்தால் அவளைப் பெற்றவர்களுக்காவது தெரிந்திருக்கும்.